செல்வியின் நாக்கு

நெடுந்தீவு. ஆவணி, வியாழக்கிழமை.

அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அந்த வீட்டைப் பற்றியே எழுதுவது சரியில்லைத்தான். எழுதாவிட்டால் நித்திரை வராது.

அக்காவின் மகள் செல்விக்கு மூன்று வயது. இன்னும் பேசவில்லை. நாளை வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய், அங்கே நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரியாரியாரைக்கொண்டு, பேச்சைத் தடுக்கிறதாம் என்று நாக்கின் கீழுள்ள கட்டை வெட்டுவிக்க அத்தான் முடிவு செய்துவிட்டார்.

பிள்ளை செம்பைப் பார்த்தாலே அத்தானின் தாயார் தண்ணீர் கொடுக்கிறார். யாராவது அவளிடம் பெயர் கேட்டால் அக்கா சொல்லிவிடுகிறாள். பிறகு அவள் ஏன் பேச வேண்டும்?

இன்று காலை மாட்டுப்பட்டியில் நாங்கள் இருவரும்தான் நின்றோம். கன்றுக்குட்டி பசுவின் மறுபக்கம் நின்றது. "கண்டு எங்கை?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "பால் குடிக்குது" என்றாள்.

மத்தியானம் எல்லாரும் இருக்கும்போது அவள் பேசியதைச் சொன்னேன். அத்தான் சிரித்தார்.

"பட்டம் எடுத்தவ இப்ப மாட்டுப்பட்டியிலயும் பள்ளிக்கூடம் நடத்துறாவோ?"

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கோ, அத்தான்."

"வள்ளக்காரனுக்குச் சொல்லியாச்சு."

"அப்ப நானும் வாறன். என்ரை மடியில இருந்து பிள்ளையை ஒருத்தரும் எடுக்க ஏலாது."

அவரிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை.

அக்கா செல்விக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். விடியமுன் அக்காவிடம் இதைக் கேட்டே தீருவேன்: அக்கா, செல்வி எழும்பினதும் தண்ணீர் குடுக்காதேங்கோ. என்ன வேணுமெண்டு கேளுங்கோ. கேட்டுப்போட்டு, அவள் சொல்லுமட்டும் பேசாமல் இருங்கோ.