சாகாமல் மேடையிறங்கிய இளவரசன்

என் குகன் மச்சானுக்கு,

நாடகம் போட்டாயிற்றடா. போன ஞாயிறு மத்தியானம், இங்கே எங்கள் வெக்ஸ்போர்ட் பகுதியில், நீ பார்த்து வைத்த அதே மண்டபத்தில். முக்கால்வாசிக் கதிரைகள் நிறைந்திருந்தன. நீ இருந்திருந்தால் வாசலில் நின்று கதைகொடுத்தே மிச்சத்தையும் நிரப்பியிருப்பாய்.

லண்டனில் உன் தங்கச்சி வீட்டுக்குப் போனவன் வேல்ஸ் பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாய். எயார்போர்ட்டில் இருந்து வரும்போதே காருக்குள் அந்த வேல்ஸ் இளவரசனின் கதையைத் தொடங்கிவிட்டாய். அறுநூறு வருடத்துக்கு முந்தியவன். பக்கத்து ஆங்கிலப் பிரபு அவனுடைய காணியைப் பிடித்தான். நியாயம் கேட்டவனை ஒருவரும் மதிக்கவில்லை. எழும்பினான். சனம் அவன் பின்னால் வந்தது. பாராளுமன்றம் கூட்டினான், பல்கலைக்கழகம் கட்ட நினைத்தான்.

பிறகு எல்லாம் சரிந்தது. கோட்டை விழுந்தபோது மனைவியையும் மகள்மாரையும் பிடித்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் சிறையிலேயே முடிந்துபோனார்கள். அவன் மலைக்குள் மறைந்தான். அரசன் மன்னிப்புத் தருவதாகச் சொல்லியும் வரவில்லை. எங்கே செத்தான், எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அதனால் நீ எழுதிய நாடகத்தில் அவன் கடைசியில் சும்மா நடந்து போய்விடுவான்.

நீ போன பிறகு ராசன் அண்ணைதான் நாடகத்தைப் பழக்கினார். முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை. வாளோடு விழுந்து செத்தால்தான் சனம் அழும் என்றார். நானும் தலையாட்டினேன். இளவரசன் வேடம் எனக்குத்தானே, முழங்கால் நோக நோக விழுந்து பழகினேன்.

ஆனால் அன்றைக்கு அந்த இடம் வந்தபோது எனக்கு விழ வரவில்லை மச்சான். வாளைக் கீழே வைத்தேன். மேடையின் மற்றப் பக்கத்தால் இறங்கி நடந்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. ராசன் அண்ணை இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், மோர்னிங்சைட் பக்கம் இருக்கிற பரமேஸ் அன்ரி எனக்காகக் காத்து நிற்கிறா. ஊரில் கடைசிச் சண்டை முடிந்த அன்று மகனைத் தன் கையால் ஆமியிடம் ஒப்படைத்தவ. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

"தம்பி, அந்த ஆள் பிறகு எங்கை போனவர்?"

"ஒருத்தருக்கும் தெரியாது அன்ரி."

"நீர் அவரைச் சாகடிக்கேல்லை. அது போதும்."

பஸ்ஸில் தனியாக வீட்டுக்கு வந்தேன். இதை யாருக்குச் சொல்வது? வீட்டுக்காரிக்கு நாடகம் என்றாலே அலுப்பு. பிள்ளைகளுக்குப் பாதித் தமிழ் விளங்காது. ஒவ்வொரு ஒத்திகை முடிந்தும் அஜின்கோர்ட் கடையில் தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கி வைத்துக்கொண்டு நீயும் நானும் சண்டை பிடிப்போமே, அப்படிச் சண்டை பிடிக்க இந்த ஊரில் எனக்கு இப்போது ஆள் இல்லையடா.

உன் சவப்பெட்டியை நானும் சேர்ந்து தூக்கினேன். நீ இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன். பரமேஸ் அன்ரி மகனுக்கு இப்படி ஒரு கடிதம் எழுத முடியுமா? எழுதினால் அவவே அவனைச் சாகடித்த மாதிரி ஆகிவிடாதா?

பனி கரைந்ததும் திரும்பவும் மேடையேற்றுவேன். ராசன் அண்ணை வராவிட்டாலும் சரி. அன்ரியை நானே போய்க் கூட்டிவருவேன். நீ எழுதினபடியே, அவன் நடந்து போவான்.

உன் தங்கச்சியைக் கட்டாவிட்டாலும் உனக்கு என்றைக்கும் மச்சான்,
சிவம்