சுஜீவாவின் பேரில் எழுதாத வீடு

தன்னாமுனை,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

அன்பு மகள் ஜெசிந்தா அறிய அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் தங்கச்சி சுஜீவாவும் ஆண்டவர் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகனும் பேரனும் அந்தச் சுவிஸ் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டுமென்று செபமாலையில் ஒரு பத்து மணி தினமும் உங்களுக்கென்றே சொல்கிறேன். போனில் கதைக்கிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நீ அழுகிறாய். நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். கடிதத்தில் அது நடக்காது.

அப்பா செத்து, வருகிற மாதத்தோடு ஒரு வருஷம். அதற்கு முந்திய இரண்டு வருஷமும் கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்ய அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்ததில் இந்த வீடு வீடாக இருக்கவில்லை. கடைப் பார்சல்தான் சாப்பாடு, அடுப்படியில் கரப்பான் குடியிருந்தது, தையல் மெசினுக்கு மேலே முழுக்க மருந்துப் பெட்டிகள். அவர் போன பிறகும் மாதக்கணக்கில் எல்லாம் அப்படியே கிடந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் கை எழும்பவில்லை. ஜூலையில் ஒருநாள் சுஜீவா அடுப்படியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு ரோசமாயிருந்தது, மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். அன்றைக்கு ஆற்று மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன், புளி கூடிவிட்டது, கை பழக்கம் விட்டுப்போயிற்று. சுஜீவா ஒரு பிடி சாப்பிட்டுவிட்டு, அம்மோவ், அப்பா இருந்திருந்தா இந்தக் குழம்புக்கு உங்களக் கோட்டுக்கு இழுத்து வழக்கு வெச்சிருப்பார் என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதற்கு அடுத்த கிழமைதான் தரகு பார்க்கிற இராசாத்தி மைலம்பாவெளிச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடமொன்றின் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற லிகிதர், நாற்பது வயது, எங்களைப் போல வேதக்காரர், குடி இல்லை. தாயோடு வந்து பார்த்துவிட்டுப் போனார், போகும்போது சுஜீவாவின் கத்தரிப் பாத்தியை நின்று பார்த்து இரண்டு கேள்வி கேட்டார். முப்பத்தாறு வயதில் அவள் முகம் சிவந்ததை நான் கண்டேன். அன்று பின்னேரமே கட்டில் விரிப்புக்கு நூலில் றேந்தை பின்னத் தொடங்கினேன், திராட்சைக் கொடி போட்ட கரை. எட்டாம் வகுப்புத் தேறாதவள் என்று கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் என்னைச் சேர்க்கவில்லை, உனக்குத் தெரியும். கோயிலில் கழித்த பீடத் துணியொன்றை வாங்கிவந்து, முடிச்சு முடிச்சாகப் பிரித்து, எண்ணிப் பழகியவள் நான். இரண்டு வருஷம் ஊசி தொடாத விரல் இரண்டு நாளில் திரும்பிவிட்டது. இனி எல்லாம் நேராகும் என்று நானும் நம்பினேன், அதை ஒளிக்கவில்லை.

அதற்கு மறுகா ஒருநாள் மாப்பிள்ளையின் தாய் தனியே வந்து கேட்டாள், வீடு ஆர்ட பேரில கா என்று. மூத்த மகளுடைய பேரில் என்றேன். அப்ப எங்கட மகன் மச்சாள்ர வீட்டிலயா வந்து இருக்கிற என்றாள். அவளில் பிழையில்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழமை, உன்னையும் இந்த வீட்டைப் பார்த்துத்தான் கேட்டு வந்தார்கள். உன் பேரில் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதின அன்று நொத்தாரிசு, உங்கட காலம் முடியுமட்டும் ஆயுள் உரித்தை வெச்சுக்கொள்ளுங்கோ என்று சொன்னார். அப்பா கேட்கவில்லை. பெத்த புள்ளைக்கு நிபந்தனையோட குடுக்கிறதோ என்று ஒரு சொல்லும் மிச்சம் வைக்காமல் எழுதிவிட்டார். சின்னவளுக்கு இதே வளவில் இன்னொரு வீடு கட்டுவேன் என்று அத்திவாரமும் போட்டார். அதற்குள்தான் இப்போது கத்தரி காய்க்கிறது. அவர் செய்தது பிழை, தலையாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற நானும் பிழை. ஆனால் அந்தப் பிழையை நேராக்க நீ ஒருத்திதான் மிச்சம்.

மூன்று தரம் உன்னிடம் கேட்டேன். வீட்டைத் தங்கச்சிக்கு மாற்றி எழுது, நீ அங்கே சொந்த வீட்டில் இருக்கிறாய், உனக்கு இது வேண்டாம் என்றேன். மூன்று தரமும் அவரிட்டக் கேட்டுச் சொல்றன் அம்மா என்றாய். மகள், இந்த ஊரில் எந்தப் பெண் தன் வீட்டைப் பற்றிப் புருஷனிடம் உத்தரவு கேட்டிருக்கிறாள்? கடைசியில் மருமகன், லீவுக்கு வந்து நிற்க ஊரில ஒரு இடம் வேணும் என்று சொன்னதாகச் சொன்னாய். பத்து வருஷத்தில் ஒருதரம் வந்தீர்கள், அதிலும் எட்டு நாள் பாசிக்குடா ஹோட்டலில் நின்றீர்கள். அப்பாவின் அடக்கத்துக்கு விசா சரிவரவில்லை என்றாய், அதை நான் ஏற்றுக்கொண்டேன். கையெழுத்து வைக்க விசா வேண்டாம்.

போன செவ்வாய் இராசாத்தி வந்தாள். அவர்களுக்குக் களுவன்கேணியில் வீட்டோடு ஒரு பெண் சரிவந்துவிட்டதாம். சுஜீவா உள்ளே தேங்காய் துருவிக்கொண்டு இருந்தாள், துருவுகிற சத்தம் நிற்கவேயில்லை. இராசாத்தி போன பிறகு பார்த்தால் மூன்று தேங்காய் துருவி வைத்திருக்கிறாள், எங்கள் இரண்டு பேருக்கும் அரை மூடியே அதிகம். இவ்வளவையும் என்ன செய்யிறது என்று கேட்டேன். ஊருக்கெல்லாம் சம்பல் குடுப்பம் என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

விரிப்பை என்ன செய்வதென்று அவளிடம் கேட்டேன். கோயிலுக்குக் குடுங்கோ என்றாள். கொடுக்கமாட்டேன். கரை இன்னும் இரண்டு முழம் கிடக்கிறது, தினமும் சோறு இறக்கிவிட்டு இருந்து பின்னுகிறேன். கை வேலையாக இருந்தால் மனம் ஆறும் என்று பங்குச் சாமி சொல்கிறார். எனக்கு ஆறவில்லை. வீடு துப்புரவாக இருக்கிறது, குழம்பில் புளி சரியாக இருக்கிறது, றேந்தை அழகாக வருகிறது, ஒன்றிலும் ஒரு சுகமும் இல்லை. செய்யாமல் கிடந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்பதால் செய்கிறேன்.

இந்தக் கடிதம் எழுதுவது சுஜீவாவுக்குத் தெரியாது. அக்காட்ட இனிக் கேட்டீங்கண்டா நான் மடத்தில போய் வேலைக்கு நிப்பன் என்று சொல்லியிருக்கிறாள். அவளும் என் வயிற்றில் பிறந்தவள்தானே, சொன்னால் செய்வாள். நீ எழுதிக் கொடுத்தாலும் அவள் வாங்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். இன்னொரு சம்பந்தம் வரும் என்றும் நான் நம்பவில்லை. ஆனாலும் கேட்கிறேன், எழுது. அப்பாவின் மூத்திரம் அள்ளினவள் அவள். வேண்டாம் என்று சொல்வதற்காவது அவள் கையில் ஒரு வீடு இருக்கட்டும்.

பேரனுக்கு ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. தலைக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே. அங்கேயிருந்து நீ அனுப்புகிற திரைச்சீலை இனி வேண்டாம், என் ஜன்னலுக்கு நானே தைப்பேன். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், மருமகனுக்கும் என் ஆசீர்வாதம். இதற்குப் பதிலாகப் போன் எடுக்காதே, எடுத்தால் நான் தூக்கமாட்டேன். ஓம் என்றோ இல்லை என்றோ உன் கையால் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அருளப்பு லூர்தம்மா