கன்னத்தில் ஐந்து தையல்

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், பக்கத்தில் அத்தையும் இருப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பெரிதாக்கி அனுப்பிய நம் கல்யாணப் படம் வந்தது. அத்தை கூடத்தில் மாட்டிவிட்டு, "பாரேன், சினிமாக்காரி மாதிரி இருக்கே!" என்று பூரித்துப்போனார். நானும் பார்த்தேன். பதினைந்து வயதிலிருந்து என் கன்னத்தில் குடியிருக்கும் பருக்குழிகளில் ஒன்றைக்கூடக் காணோம். மொழுமொழுவென்று யாரோ ஒருத்தி உங்கள் பக்கத்தில் நிற்கிறாள். உங்களுக்கு அவள்தான் வேண்டும் போலிருக்கிறது.

தோல் டாக்டரிடம் போனேன். இந்த ஆழத்துக்குக் களிம்பெல்லாம் வேலைக்காகாதாம். சில குழிகளைத் தோலுக்கடியில் ஊசி விட்டு, உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் நாரை அறுத்தால் மேலே எழும்புமாம். ரொம்ப ஆழமானதை வட்டமாக வெட்டியெடுத்துத் தைப்பார்களாம். பிறகு சில மாதம் கழித்து லேசர். "மொத்தமா போகாதும்மா, பாதி குறைஞ்சாலே பெரிசு" என்றார். சரி என்றுவிட்டேன். வெளிநாடு போய் நாலு வருஷமாக வராத மனிதர், வரும்போதாவது படத்தில் இருப்பவளைப் பார்க்கட்டும்.

உங்கள் வாயாடி

மார்ச் 19

என் வாயாடிக்கு,

கடிதத்தைப் படித்ததும் உனக்குப் போன் போட்டேன். எத்தனை தடவை போன் அடித்தாலும் நீ எடுக்க மாட்டேன் என்கிறாய்.

இங்கே போட்டோ ஸ்டூடியோவில் ஒரு நாளைக்கு நாற்பது முகம் திருத்துகிறேன். பரு, மரு, கருவளையம் எல்லாவற்றையும் அழிப்பதுதான் பிழைப்பு. நடுவில் நம் படத்தைத் திறந்தேன், கை அது பாட்டுக்கு அழித்துவிட்டது. அச்சாகி வந்தபிறகுதான் கவனித்தேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்து அப்படியே அனுப்பித் தொலைத்தேன். புத்தி கெட்டவன்.

என்னிடம் இருப்பது திருத்தாத படம். இடது கன்னத்தில் மூன்று குழி சேர்ந்தாற்போல் இருக்குமே, தூங்கும்போது என் விரல் அங்கேதான் கிடக்கும். அந்தக் கன்னத்துக்காக ஏங்கிப்போய்க் கிடக்கிறேன். எனக்காக என்றால் கத்தி வைக்காதே. லீவு கேட்டிருக்கிறேன். முதலாளி இழுத்தடிக்கிறார்.

உன் ஊமைக்கோட்டான்

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே முதல் கட்டம் முடிந்துவிட்டது. ஐந்து தையல். இரண்டு நாள் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. இப்போது தையல் பிரித்தாயிற்று. நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு போய்விட்டன. ஒன்று இருக்கிறது.

போனை எடுக்காதது வீம்பு. உங்கள் மேல் பழி போட்டதும் கோபத்தில்தான். எனக்கே வேண்டியிருந்தது, அத்தான். பஸ்ஸில் கன்னத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தே பாதி ஆயுள் போய்விட்டது. வெட்டியதில் வருத்தமே இல்லை.

ஆனால் நர்ஸ், "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டாள். அத்தைக்கு முட்டிவலி, தனியாகத்தான் போயிருந்தேன். "அவர் வெளிநாட்டுல இருக்கார்" என்று சொல்லிவிட்டு நானே என் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். எனக்கு நீங்கள் வேண்டும். வேறொன்றும் இல்லை.

இரண்டாவது கட்டத்துக்குப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். 'உடன் இருப்பவர் கையெழுத்து' என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தேதி கேட்டார்கள். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

சொல்லுங்கள், என்றைக்கு?

உங்கள் வாயாடி