உள்ளே விட்ட துணி

உன் மகளின் ஹேர்பேண்ட் இன்று மதியம் முழுக்க என் மடியில் கிடந்தது. மாம்பழ மஞ்சள் பட்டு. ஓரத்தில் யாருடைய கல்யாண பிளவுஸிலோ மிஞ்சிய அரக்குக் கரை. தேங்காயெண்ணெய் ஏறிப் பாதி கறுத்திருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து, பாத்திரமெல்லாம் கழுவிய பிறகும் விரலில் அந்த வாசம் போகவில்லை. உனக்கு எழுதினால் எங்கே போய்ச் சேரும் என்று தெரியாமலே எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரர்தான் ஜெனியை அழைத்துவந்தார். காட்டூர் வீட்டைக் காலி செய்கிறாராம். இனி ஓசூரில், அவர் அக்கா வீட்டுப் பக்கம். "கழட்ட விடமாட்டேங்குறா. போட்டிருந்தா தலை வலிக்குதுன்னு அழுவுறா. புதுசு வாங்கிக் குடுத்தா தூக்கி எறியிறா. இதையே ஏதாவது பண்ணிக் குடுங்க" என்றார். குழந்தையின் காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் அழுத்திய தடம் சிவந்திருந்தது. நீ போய் ஒரு மழைக்காலம்தான் கழிந்திருக்கிறது, அதற்குள் தலை வளர்ந்துவிட்டது. நீ அவளுக்குத் தைத்ததில் மிஞ்சியது இது ஒன்றுதான். பட்டு வேறு நைந்து கிடந்தது. பிரிக்கும்போது கிழிந்துவிட்டால் அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அப்போதெல்லாம் ஜெனியை என் வீட்டில் விட்டுப் போய், மன்னார்புரத்து டெய்லரிடம் வெட்டுத்துணி மூட்டையை வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வந்து இறங்குவாய். ஒருமுறை கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் கேட்டிருக்கிறார். "மடியில உக்காந்தா அதுவும் பிள்ளைதான் சார், இன்னும் அஞ்சு வயசு ஆகலன்னேன்டி" என்று நீ சொல்ல, நான் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த நம் இரண்டு பிள்ளைகளும் எழுந்து அழுதார்கள். கட்டில் மேல் மூட்டையைக் கொட்டி நிறம் நிறமாகப் பிரிப்போம். நாம் விற்கும் கிளிப்புக்கு ஒரு குவியல், ஹேர்பேண்டுக்கு ஒரு குவியல். விரலகலம்கூடத் தேறாததைச் சுருட்டிப் பூவாக்குவாய். உங்கள் சர்ச் பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்குக்கு வெள்ளை சாட்டினில் தலைக் கிரீடம்கூடச் செய்துகொடுத்தோம். ஜெனிக்கு அந்த வயது வரும்போது எல்லாவற்றையும்விட நல்லதாக ஒன்று செய்வேன் என்றாய்.

நாம் சண்டை போட்டது ஒன்றுக்குத்தான். உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ளட்டும் என்று டெய்லர் பிளவுஸின் பக்கவாட்டில் துணியை உள்ளே விட்டு மூன்று தையல் போடுவார் அல்லவா, அதையே நீ ஹேர்பேண்டிலும் செய்யப் பார்த்தாய். தடிப்பாகத் தெரியும், யாரும் வாங்க மாட்டார்கள், வெட்டிவிடு என்றேன். "பிள்ளைங்க வளரும்டி. அதுக்கு எடம் விடாம தைச்சா அது என்ன தையல்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெட்டினாய். அதோடு விட்டுவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று ஊசிமுனையால் மெல்ல மெல்லப் பிரித்தேன். ஜெனி மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கிழிச்சிராதீங்க சித்தி" என்று மட்டும் சொன்னாள். ஒட்டுப்போடப் புது எலாஸ்டிக் வெட்டித் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. ஒரு தையல் விட்டதுமே உள்ளே மடிந்து கிடந்தது நீண்டு வெளியே வந்தது. அதற்குப் பின்னால் இரண்டாவது தையல். அதற்கும் பின்னால் மூன்றாவது, பிரிக்காமல் கடைசிவரை பிடித்து நிற்க வேண்டியது. விற்பதில்தான் நீ வெட்டியிருக்கிறாய்.

கண்ணீரில் எனக்குத் தையல் தெரியவில்லை. சாதாரணக் காய்ச்சல்தானே என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவள் நீ. ஜெனி வளர வளர நீயே மடியில் போட்டுப் பிரிப்பதாகத்தானே இருந்தாய்.

அவள் போட்டுப் பார்த்தாள். "வலிக்கல" என்றாள். பிறகு பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே, "இன்னும் உள்ள இருக்கா சித்தி?" என்று கேட்டாள்.

"இருக்குடா. இன்னும் ஒரு தடவை பிரிக்கலாம்."

"அப்புறம்?"

அவள் அப்பா சட்டென்று எழுந்து, அடுத்த தையலைப் பிரிப்பது எப்படி என்று தனக்குக் காட்டித்தரச் சொன்னார். காட்டினேன். அவர் ஊசியைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது, அந்தப் பட்டு பிழைக்காது.

நீ போனதிலிருந்து வேலைக்கு நடுவில் ஓடிப்போய் என் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு என் நெற்றியை. அவளுக்குத் தைக்கும் எதிலும் நானும் இப்போது உள்ளே துணி விடுகிறேன். ஒரு விரலகலம் போதும். என் கை இரண்டு விரல் விடுகிறது, மூன்று விடுகிறது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் பாப்பாவுடைய பாவாடை ஒன்றை உள்புறம் திருப்பி, எந்தத் தையலை முதலில் பிரிக்க வேண்டும் என்று காட்டினேன். "இப்ப எதுக்கு இது?" என்று சிரித்தார். "சும்மா பாத்து வச்சுக்கங்க" என்றேன்.