எந்தப் பெட்டியை வைத்துக்கொள்வது

ஏங்க,

அண்ணன் தோட்டத்தில் பூண்டு பிடுங்க மேல்மலைப் போளூருக்குப் போகிறேன். ரசம் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள். சாவியை நானே எடுத்துப் போகிறேன். நேற்றுபோல மழையில் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க முடியாது. பக்கத்து வீட்டு அழகம்மாள் அக்காவே வெளியே வந்து, "என்ன தேவசேனா, உள்ள ஆளில்லையா?" என்று கேட்டார். "ஆளு இருக்காருக்கா. காதுதான் சோலியா இருக்கு" என்றேன்.

மதியம் விக்னேஷ் தம்பி வருவார். உங்கள் ஹெட்ஃபோனுக்கென்று கேட்டுப் பார்க்க அவர் கொடுத்த இரண்டு ஆம்ப்ளிஃபயரில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வால்வு வைத்ததில் குரல் இதமாம், டிரான்சிஸ்டர் வைத்ததில் சுத்தமாம். ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டும் உங்களுக்கு முடிவு வரவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜி ஆறுவதற்குள் சரி என்று சொன்ன மனுஷர் நீங்கள்!

நானே சொல்லிவிடுகிறேன். வால்வு இருக்கட்டும். இந்தக் குளிரில் உறை ஊற்றினால் விடிந்தும் பாலாகவே இருக்கும். நேற்று நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன், அதன் சூட்டில் கெட்டியாகத் தோய்ந்துவிட்டது. தயிர் அங்கேயே இருக்கிறது, கையால் தட்டிக் கவிழ்த்துவிடாதீர்கள்.

தேவசேனா

பி.கு: தயிர் ஒரு சாக்குதான். டிரான்சிஸ்டர் பெட்டி போட்டவுடன் பாடிவிடுகிறது. வால்வு சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அதுவரை உங்கள் காது சும்மாதானே இருக்கும்? அப்போது நான் பேசிக்கொள்கிறேன்.