புரட்டாதிச் சனியில் வாத்து வேட்டை

செப். 20, சனி
விடியத் தொடங்கிய தூறல். கடையில் வாங்க: நல்லெண்ணெய், எள்ளு, வாழைக்காய்.

முதல் புரட்டாதிச் சனி. கனடா வந்தும் இந்த நாளில் முட்டையைக் கண்ணாலும் பார்க்காத என் மனுசன், வாத்துச் சுடப் போயிருக்கிறார்! மிசிசாகா சிவாவோடாம். இருவருக்கும் ஒரே வேலையிடம்.

பின்னேரம் வந்தார், வெறுங்கை. சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்தார். துவக்கில் தோட்டா இல்லையென்று இரண்டு தரம் பார்த்தார். முன் திருகைக் கழற்றி, குழாயை இழுத்தெடுத்து, கம்பியில் துணி கோத்து உள்ளே விட்டார். துணி நான் வெட்டிக் கொடுத்தது, பழைய வேட்டி. போன வருடமெல்லாம் கரிச்சட்டி துடைத்தது போல வரும். இன்று வெள்ளை வெளேர்.

சுடாத துவக்கை என்னத்துக்குத் துடைக்கிறார்? கேட்கவில்லை. பார்ப்பம்.

செப். 23, செவ்வாய்
வெயில். உடுப்புத் தோய்த்தேன். கராஜில் இவர் போனில், குரல் தாழ்த்தி:
"சாப்பிட்டாச்சோ? ... கொஞ்சமெண்டாலும் சாப்பிடுங்கோவன். சனிக்கிழமை வாறன்."
என்னைக் கண்டதும் கட். "ஆர்?" "சிவா." சிவாவுக்கு இவ்வளவு கொஞ்சலோ?

செப். 25, வியாழன்
தமிழ்க்கடையில் சிவாவின் மனிசி. "எங்கடை இவருக்கு இப்ப சனிக்கிழமையும் வேலை அன்ரி, வேட்டையாவது மண்ணாவது" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். முருங்கைக்காய் வாங்க மறந்துபோனேன். ஒரு பொம்பிளைதான். வேறென்ன?

செப். 27, சனி
திரும்பவும் அதே கூத்து. பேப்பர், கம்பி, எண்ணெய், வெள்ளைத் துணி. சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறில்லை. இவர் குழாயைத் துடைக்க, நான் ஜக்கெற் பொக்கற்றைத் துழாவினேன். ஒஷாவா ஆஸ்பத்திரியின் பார்க்கிங் துண்டு.

"ஒஷாவாவிலை வாத்து ஆஸ்பத்திரியிலையோ படுத்திருக்குது?"

குழாயை மேசையில் வைத்தார்.

"அண்ணைக்குக் கான்சர். ஈரலிலை. கனநாள் இல்லையாம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"அண்ணை வீட்டு வாசல்லை கால் வைச்சால் இஞ்சை வரவேண்டாமெண்டு நீர்தானே சொன்னனீர்."

சொன்னேன்தான். ஏழு வருடத்துக்கு முதல், மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில். ஆலாத்தி எடுக்கத் தன்னை இரண்டாவதாகக் கூப்பிட்டதென்று அண்ணையின் மனிசி மண்டபத்தில் வைத்துக் கத்தினா. நானும் விடவில்லை. இவர் அன்றும் வாய் திறக்கவில்லை.

பொம்பிளை இல்லை என்றதும் முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பிறகுதான் அண்ணையின் நினைப்பு. வெட்கமாக இருக்கிறது.

அக். 4, சனி
குளிர். நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரசம், கஞ்சி கட்டிக் கொண்டுபோனேன். துவக்கு வீட்டில், பூட்டியபடி.

அண்ணையின் மனிசி கதிரையை விட்டு எழும்பினா. "இரும்." அவ்வளவுதான். அண்ணை பாதியாக மெலிந்திருந்தார். கண் மட்டும் அதே கண்.

"பிள்ளை, உமக்குப் பயத்திலை இவன் துவக்கையும் காரிலை போட்டுக்கொண்டெல்லோ வாறவன்." சிரிப்பு, பிறகு இருமல். இவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் சொன்னனான், அது நல்ல பிள்ளை, கேட்டால் வர விடுமெண்டு. விட்டிருப்பீர்தானே?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம் அண்ணை" என்றேன்.

பொய்.