காப்போடு போன மன்மதன்

பசறைத் தோட்டம்,
பங்குனி 5.

மச்சானுக்கு,

சுகம் விசாரிக்க எழுதவில்லை. பன்னிரண்டு வருஷமாக நின்றுபோயிருந்த நம் காமன் கூத்துச் சபையை மறுபடி எழுப்பியவனே நீதான். மன்மதன் வேஷத்துக்குக் காப்புக் கட்டியவன் கூத்து முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாதென்று உனக்குத் தெரியாதா?

கொஸ்லந்தயில் கங்காணி வேலை கிடைத்ததும் காப்போடு போய்விட்டாய். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க உன் பெயரைக் கூப்பிட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

"அண்ணன் ஒங்ககிட்டகூட சொல்லலையாங்க?" என்றாள் உன் தங்கச்சி.

நேற்று ஒரு வைக்கோல் பொம்மைக்கு உன் கிரீடத்தை வைத்து, அதையே மன்மதன் என்று எரித்தோம். ரதி வேஷத்தில் நான் ஒப்பாரி வைத்தேன். லயத்து வீட்டுச் சனமே அழுதது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

காப்பு அவிழ்க்க இங்கே வராதே.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன்.